சர்வதேச உறவுகள் படிக்கலாமா? வெள்ளவத்தைத் தங்கச்சிக்கு ஒரு நீண்ட பதில்

கேள்வி இதுதான். ஏ.எல். கலைப்பிரிவில் அரசியல் விஞ்ஞானம், பொருளியல், ஆங்கிலம் எடுத்து, முதல் இரண்டையும் தமிழில் எழுதிவிட்டு, வெள்ளவத்தையில் பெறுபேற்றுக்காகக் காத்திருக்கும் ஒரு தங்கச்சி சர்வதேச உறவுகளில் பட்டம் படிக்க ஆசைப்படுகிறார். அப்பா சட்டம் படி, இல்லாவிட்டால் சீமா (முகாமைத்துவக் கணக்கியல்) படி என்கிறார். இந்தப் பட்டத்துக்கு வேலை இருக்கிறதா, கொழும்பில் எங்கே படிக்கலாம், தமிழ்மொழிமூலம் படித்தது குறையாகிவிடுமா என்று மூன்றும் சேர்த்துக் கேட்டிருக்கிறார்.

நான் இந்தத் துறையில் படித்து, கொழும்பில் ஓர் ஆய்வு நிறுவனத்தில் வேலை பார்க்கிறேன். புதுப் பட்டதாரிகளை நேர்முகம் காணும் மேசையில் அடிக்கடி உட்காருகிறேன், அதனால் இந்தப் பட்டம் யாரைத் தூக்கிவிடுகிறது, யாரை நடுவழியில் விடுகிறது என்று கொஞ்சம் பார்த்திருக்கிறேன். என் பதில்: படியுங்கள். ஆனால் பட்டத்தை மட்டும் நம்பிப் படிக்காதீர்கள். ஏதாவது ஒரு விவகாரத்தை, ஒரே ஒரு விவகாரத்தை, மூல ஆவணங்களோடு அடிவரை தெரிந்தவராக வெளியே வாருங்கள். அப்படி வருகிறவருக்கு வேலை கிடைக்கிறது. எல்லாவற்றையும் கொஞ்சம் கொஞ்சம் தெரிந்தவராக வருகிறவர்தான் சிரமப்படுகிறார்.

முதலில் உள்ளே என்ன இருக்கிறது என்று சொல்கிறேன், ஏனென்றால் பலர் இதை உலக நடப்புச் செய்திகளைப் பேசும் படிப்பு என்று நினைத்து வந்து முதல் வருடத்திலேயே களைத்துப் போகிறார்கள். கோட்பாடு உண்டு. சர்வதேச அமைப்புகள், சர்வதேசச் சட்டம், வெளிநாட்டுக் கொள்கைப் பகுப்பாய்வு, பாதுகாப்புக் கற்கை, அரசியல் பொருளாதாரம், தென்னாசியா, ஆய்வு முறையியல், கடைசியில் ஓர் ஆய்வுக்கட்டுரை. பல்கலைக்கழகத்துக்குப் பல்கலைக்கழகம் பெயர்கள் மாறும், எலும்புக்கூடு இதுதான். இது தனித் துறையாக எழுந்தது முதலாம் உலகப் போருக்குப் பிறகு; 1919இல் வேல்ஸ் நாட்டு அபெரிஸ்ட்வித் நகரில்தான் இதற்கென முதலாவது பேராசிரியர் பதவியை உருவாக்கினார்கள். அத்தனை கோடி பேரைப் பலியெடுத்த போர் ஏன் வந்தது, இன்னொன்று வராமல் எப்படித் தடுப்பது என்ற கேள்வியோடு பிறந்த துறை. அந்தக் கேள்வியை மனதில் வைத்துக்கொண்டு படித்தால் மோர்கெந்தோ, வோல்ட்ஸ் போன்ற கோட்பாட்டாளர்கள் வெறும் பெயர்களாகத் தெரிய மாட்டார்கள்.

கோட்பாட்டுக்குப் பயப்பட வேண்டாம். நமக்குத் தெரிந்த ஒன்றை எடுப்போம், 1987 ஜூலை 29 இந்திய இலங்கை ஒப்பந்தம். அரசுகளை இயக்குவது அதிகாரமும் பாதுகாப்பும்தான் என்னும் யதார்த்தவாதம் படித்தவர் என்ன சொல்வார்? அது பனிப்போர்க் காலம், ஜனாதிபதி ஜே. ஆர். ஜயவர்தனவின் அரசு மேற்குப் பக்கம் சாய்ந்துகொண்டிருந்தது, தன் வாசலில் வேறு வல்லரசு காலூன்றுவதை டில்லி விரும்பவில்லை, ஆகவே தலையிட்டது என்பார். தாராளவாதம் படித்தவர் உள்நாட்டு அரசியலைப் பார்க்கச் சொல்வார்: தமிழ்நாட்டில் எழுந்த அழுத்தம், அங்கே போய்ச் சேர்ந்த அகதிகள், டில்லி தமிழ்நாட்டுக் கட்சிகளோடு வைத்திருந்த கணக்கு. அடையாளமும் கருத்துகளும்தான் நலன்களை உருவாக்குகின்றன என்று சொல்லும் கட்டமைப்புவாதிகளோ பாக்குநீரிணைக்கு இரு கரையிலும் இருந்த தமிழ் உணர்வையும், தன்னைப் பிராந்தியத்தின் காவலனாக இந்தியா கற்பனை செய்துகொண்ட விதத்தையும் எடுத்துப் பேசுவார்கள். மூன்றிலும் உண்மை இருக்கிறது. எந்தக் கேள்விக்கு எது கூடுதலாக விடை தருகிறது என்று நிறுத்துப் பார்க்கப் பழகுவதுதான் முதல் இரண்டு வருடப் படிப்பு.

இனி அதே ஒப்பந்தத்தில் ஆவணம் வாசிப்பது என்றால் என்ன என்று காட்டுகிறேன், என் பார்வையில் பட்டத்தின் உயிர் இங்கேதான் இருக்கிறது. எங்கள் வீடுகளில் அந்த ஒப்பந்தம் என்றால் மாகாண சபை, பதின்மூன்றாவது திருத்தம், அமைதிப்படை என்று மூன்று விடயம் பேசுவோம். ஆனால் ஒப்பந்தத்தோடு ராஜீவ் காந்தியும் ஜயவர்தனவும் பரிமாறிக்கொண்ட கடிதங்கள் இருக்கின்றன. திருகோணமலையையோ வேறு துறைமுகங்களையோ இந்தியாவின் நலனுக்குப் பாதகமான முறையில் எந்த நாட்டின் இராணுவப் பயன்பாட்டுக்கும் கொடுப்பதில்லை, திருகோணமலை எண்ணெய்த் தாங்கிகளைப் புனரமைத்து இயக்குவது இரு நாட்டுக் கூட்டு முயற்சியாக நடக்கும், வெளிநாட்டு ஒலிபரப்பு நிறுவனங்களுக்குக் கொடுத்த வசதிகள் மீளாய்வு செய்யப்படும் என்று அதில் வருகிறது. இனப்பிரச்சினைத் தீர்வுக்கென்று பேசப்படும் ஒப்பந்தத்தில் எண்ணெய்த் தாங்கி ஏன் வந்தது? அந்த ஒரு கேள்வியைப் பிடித்தால் 2022 ஜனவரிக்கு வந்துவிடுவீர்கள். அங்கிருக்கும் 99 தாங்கிகளில் 14 இந்தியன் ஒயிலின் இலங்கைக் கம்பனியான லங்கா ஐஓசிக்கு, 24 இலங்கைப் பெற்றோலியக் கூட்டுத்தாபனத்துக்கு, மிச்சம் 61 இரண்டும் சேர்ந்த கூட்டுக் கம்பனிக்கு என்று அப்போதுதான் உடன்பாடு வந்தது. 1987இல் எழுதிய ஒரு பந்தி கூட்டுக் கம்பனி என்ற வடிவத்துக்கு வர ஏறத்தாழ முப்பத்தைந்து வருடம் எடுத்திருக்கிறது. ஏன் அவ்வளவு காலம், யார் தடுத்தார்கள், 2022இல் எது மாறியது? 2022இல் எங்கள் நாடு எந்த நிலையில் இருந்தது என்பது உங்களுக்கே தெரியும். இதை ஆவணத்தோடு பேசத் தெரிந்த ஒருவர் என் மேசைக்கு முன்னால் வந்து உட்கார்ந்தால் அவருடைய பட்டம் எந்த வகுப்பு என்று நான் அதிகம் பார்க்கமாட்டேன்.

சரி, எங்கே படிப்பது?

அரச பல்கலைக்கழகம் என்றால் முதல் பெயர் கொழும்புப் பல்கலைக்கழகம்தான், கலைப்பீடத்தில் சர்வதேச உறவுகளுக்குத் தனித் துறை இருக்கிறது. ஆனால் பல்கலைக்கழக அனுமதிக்குத் தேவையான இசட் ஸ்கோர் கிடைத்துக் கலைப்பீடத்துக்குள் நுழைந்தவுடனே நீங்கள் அந்தத் துறை மாணவி ஆகிவிடுவதில்லை. முதல் வருடம் வேறு பாடங்களோடு சேர்த்துப் படித்து, அந்தப் புள்ளிகளை வைத்துத்தான் சிறப்புப் பட்டத்துக்குத் தெரிவு நடக்கும், ஆகவே கம்பஸ் கிடைத்த சந்தோஷத்தில் முதல் வருடத்தைக் கோட்டை விடாதீர்கள். எந்தப் பாடம் எந்த மொழிமூலத்தில் நடக்கிறது என்பதையும் பதிவுக்கு முன்னரே துறையில் நேரடியாகக் கேட்டு உறுதிசெய்யுங்கள். அங்கே ஏற்கெனவே படிக்கும் ஒரு அக்காவைப் பிடித்துக் கேட்டால் இன்னும் நல்லது. யாழ்ப்பாணம், பேராதனை கிடைத்தாலும் மனம் தளர வேண்டாம். அங்கே அரசியல் விஞ்ஞானம் எடுத்து, ஆய்வுக்கட்டுரையைச் சர்வதேசப் பக்கம் திருப்பி, அப்புறம் முதுகலையில் இந்தத் துறைக்கு வந்து நன்றாக இருப்பவர்களை எனக்குத் தெரியும்.

இரத்மலானையில் கொத்தலாவலை பாதுகாப்புப் பல்கலைக்கழகத்தில் மூலோபாயக் கற்கைகளும் சர்வதேச உறவுகளும் சேர்ந்த பட்டம் ஒன்று உண்டு. படையினர் அல்லாத மாணவர்களும் கட்டணம் கட்டிப் படிக்கலாம். பாதுகாப்பு, கடல்சார் விடயங்களில் நாட்டம் இருந்தால் பாடத்திட்டம் பொருத்தமானது, ஆனால் ஒழுங்கும் சூழலும் சாதாரண கம்பஸ் மாதிரி இருக்காது, அதை யோசித்து முடிவெடுங்கள்.

லண்டன் பல்கலைக்கழகத்தின் வெளிவாரிப் பட்டம் மூன்றாவது வழி. பாடத்திட்டத்தை வகுப்பது எல்எஸ்ஈ என்னும் லண்டன் ஸ்கூல் ஒஃப் எக்கனமிக்ஸ், கொழும்பிலுள்ள தனியார் நிலையங்களில் வகுப்புக்குப் போய் இங்கேயே பரீட்சை எழுதலாம். பாடத்திட்டத்தின் தரத்தில் சந்தேகம் இல்லை. ஆனால் ஆண்டிறுதிப் பரீட்சைதான் பெரும்பாலும் எல்லாம், தன் பாட்டில் வாசிக்கும் பழக்கம் இல்லாதவர்களை அது கீழே இழுத்துவிடும். பணம் இன்னொரு விடயம். பல்கலைக்கழகத்துக்கான கட்டணம் ஸ்டேர்லிங் பவுணில். 2022இல் ரூபாய் விழுந்தபோது நடுவில் படித்துக்கொண்டிருந்த பிள்ளைகளின் வீடுகள் பட்ட பாட்டைப் பார்த்தவர்கள் இதை லேசாக எடுக்க மாட்டார்கள், அப்பாவோடு உட்கார்ந்து மூன்று வருடத்துக்கும் கணக்குப் போடுங்கள், ரூபாய் இன்னும் இறங்கினால் என்ன செய்வோம் என்பதையும் சேர்த்து. வேறு தனியார் கம்பஸ்களின் பெயர்களையும் விளம்பரத்தில் பார்த்திருப்பீர்கள். பட்டம் தருவது எந்தப் பல்கலைக்கழகம், அதைப் பல்கலைக்கழக மானியங்கள் ஆணைக்குழு ஏற்கிறதா என்ற இரண்டு கேள்விக்கும் எழுத்தில் பதில் வராமல் ஒரு சதமும் கட்டாதீர்கள்.

பண்டாரநாயக்க சர்வதேசக் கற்கை நிலையம் பற்றியும் சொல்லிவிடுகிறேன். பௌத்தாலோக மாவத்தையில் பண்டாரநாயக்க ஞாபகார்த்த மாநாட்டு மண்டப (பிஎம்ஐசிஎச்) வளாகத்துக்குள் இருக்கிறது, 1976இல் அணிசேரா நாடுகளின் உச்சி மாநாடு நடந்த அதே வளாகம். அங்கே கொடுப்பது பெரும்பாலும் டிப்ளோமாக்கள், பட்டத்துக்கு மாற்று இல்லை. ஆனால் பெறுபேற்றுக்கும் கம்பஸ் தொடங்குவதற்கும் இடையில் எங்கள் நாட்டில் நீண்ட காலம் சும்மா கிடக்க வேண்டியிருக்கிறதே, அந்தக் காலத்தில் இந்தத் துறை உங்களுக்குப் பிடிக்கிறதா என்று தெரிந்துகொள்ள அதைவிட மலிவான வழி கொழும்பில் இல்லை என்றே சொல்வேன்.

இப்போது வேலை. பெரும்பாலானவர்களின் மனதில் இருப்பது தூதுவர் பதவி. இலங்கை வெளிநாட்டுச் சேவைக்குத் திறந்த போட்டிப் பரீட்சை, வர்த்தமானியில் அறிவித்தல் வரும். எந்தத் துறைப் பட்டதாரியும் எழுதலாம், மருத்துவரும் பொறியியலாளரும்கூட எழுதுகிறார்கள். எடுக்கும் தொகை மிகச் சிறியது, வருடாவருடம் நடப்பதும் இல்லை, வயதெல்லை வேறு. ஆகவே சர்வதேச உறவுகள் பட்டம் அந்தக் கதவின் திறப்பு இல்லை. அது கொடுப்பது உலக அறிவிலும் கட்டுரை எழுதுவதிலும் ஒரு முன்னிலை, அவ்வளவுதான். பரீட்சையை எழுதுங்கள், ஆனால் வாழ்க்கைத் திட்டத்தை அந்த ஒன்றின் மேல் கட்டாதீர்கள்.

ஐநாவும் அப்படித்தான். இளம் தொழில்வாண்மையாளர் திட்டம் என்று ஒன்று உண்டு, ஐநா ஊழியர்களில் பிரதிநிதித்துவம் குறைந்த நாடுகளின் பிரஜைகளுக்கே அது திறக்கும், பட்டியல் ஆண்டுக்காண்டு மாறும். கொழும்பு ஐநா அலுவலகங்களில் உள்நாட்டவர்களுக்குக் கிடைக்கும் பணிகளைக் கவனித்துப் பாருங்கள்: திட்ட மதிப்பீடு, தரவு, சட்டம், பொது நிதி, இடம்பெயர்வு என்று ஏதாவது ஒன்றில் தொழில்திறன் கேட்பார்கள்.

யாரும் சொல்லித் தராத வேலைகள் வேறு இடத்தில் இருக்கின்றன. விதிகளைப் பின்பற்றுகிறோமா என்று பார்க்கும் வங்கிகளின் இணக்கப் பிரிவுகளுக்குச் சர்வதேசத் தடைப் பட்டியல்களையும் பணமோசடி விதிகளையும் புரிந்துகொள்கிறவர்கள் வேண்டும். 2017இலிருந்து 2019வரை இலங்கை பணமோசடித் தடுப்பைக் கண்காணிக்கும் எஃப்ஏடிஎஃப் என்னும் சர்வதேச அமைப்பின் சாம்பல் பட்டியலில், அதாவது குறைபாடுள்ள நாடுகளின் பட்டியலில், இருந்த காலத்தில் அந்த வேலையின் கனம் எல்லா வங்கிகளுக்கும் புரிந்தது. ஆடை ஏற்றுமதி நிறுவனங்களுக்கு ஐரோப்பிய ஒன்றியத்தின் ஜிஎஸ்பி பிளஸ் வரிச்சலுகை உயிர்நாடி. மனித உரிமை உடன்படிக்கைகள் மூன்றைச் சரியாக நடைமுறைப்படுத்தவில்லை என்று 2010இல் அதை எடுத்தார்கள், 2017இல் திருப்பிக் கொடுத்தார்கள். ஜெனீவாவில் ஐநா மனித உரிமை அமைப்புகள் எழுதும் ஒரு பந்தி கட்டுநாயக்க ஆடைத் தொழிற்சாலையில் தையல் இயந்திரத்தின் முன்னால் இருக்கும் ஒரு பெண்ணின் ஓவர்டைமைத் தொடுகிறது என்பதை விளக்கத் தெரிந்தவருக்கு அந்த நிறுவனங்களில் இடம் உண்டு. தூதரகங்களும் உயர்ஸ்தானிகராலயங்களும் அரசியல், வர்த்தகப் பிரிவுகளுக்கு உள்ளூர் அலுவலர்களை எடுக்கின்றன. வர்த்தகத் திணைக்களத்திலிருந்து வெளிநாட்டுத் தூதரகங்களுக்கு அதிகாரிகள் போகிறார்கள். கப்பல் கம்பனிகள், பத்திரிகை, ஆய்வு நிலையங்கள் எல்லாம் இருக்கின்றன. ஆரம்பச் சம்பளம் கணக்கியல் படித்த உங்கள் நண்பியைவிடக் குறைவாகத்தான் இருக்கும், அதை இப்போதே தெரிந்துகொண்டு வாருங்கள்.

அப்பா சொல்வதில் நியாயம் இருக்கிறது என்பதையும் ஒத்துக்கொள்ள வேண்டும். வெளிநாட்டமைச்சராக இருந்த லக்ஷ்மன் கதிர்காமர் சட்டத்தரணி. சர்வதேச நீதிமன்றத்தில் 1991இலிருந்து 2000வரை நீதிபதியாக இருந்து, 1996இல் அணுவாயுதம் பற்றிய ஆலோசனைக் கருத்தில் உலகம் முழுக்க வாசிக்கும் மாறுபட்ட தீர்ப்பை எழுதிய வீரமந்திரியும் சட்டத்திலிருந்து வந்தவர். சட்டம் படித்துவிட்டு இந்தப் பக்கம் வருவது சுலபம், இந்தப் பக்கத்திலிருந்து சட்டத்துக்குப் போவது அவ்வளவு சுலபமில்லை. இரண்டும் சமமாகப் பிடிக்கும் என்றால் சட்டத்தை எடுங்கள் என்று தயங்காமல் சொல்வேன். சட்டப் புத்தகத்தைத் திறந்தாலே தூக்கம் வருகிறது, 1974 கச்சதீவு உடன்படிக்கையை எடுத்தால் விடியும்வரை வாசிக்க முடிகிறது என்றால் மட்டும் சர்வதேச உறவுகளுக்கு வாருங்கள். சீமா பற்றி ஒரு வரி: அதை முழுதாகச் செய்யாவிட்டாலும் எண்களோடு பழகுவதை விட்டுவிடாதீர்கள். 2022 ஏப்ரலில் இலங்கை வெளிநாட்டுக் கடன் கொடுப்பனவை நிறுத்தியது, 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் சுமார் 300 கோடி டொலர் திட்டத்தை அங்கீகரித்தது. இந்த இரண்டுக்கும் நடுவில் இந்தியா, சீனா, ஜப்பான், பிணைமுறி வைத்திருந்தவர்கள் என்று யார் யார் என்ன கேட்டார்கள் என்பதைப் புரிந்துகொள்ளக் கோட்பாட்டோடு வட்டிக் கணக்கும் தெரிய வேண்டும். ஏ.எல். பொருளியல் கையில் இருக்கிறது, அதைத் தொடருங்கள்.

தமிழ்மொழிமூலம் குறையா என்று கேட்டீர்கள். ஆங்கிலம் கட்டாயம் வேண்டும், இந்தத் துறையின் வாசிப்பில் பெரும்பகுதி ஆங்கிலத்தில்தான், அதில் மாற்றுக் கருத்தில்லை. முதல் வருடத்தில் ஒரு பக்கம் வாசிக்க அரை மணித்தியாலம் எடுத்தால் கலங்காதீர்கள், அது பழக்கத்தில் வேகம் பிடிக்கும். சிங்களமும் வேண்டும், சும்மா பேசும் அளவு போதாது, ஒரு அமைச்சின் கோவையை வாசிக்கும் அளவுக்கு. பிறகு ஐநாவின் மொழிகளில் ஒன்று: பார்ன்ஸ் பிளேஸில் அலியான்ஸ் பிரான்சேஸ் இருக்கிறது, கொழும்புப் பல்கலைக்கழகத்தில் கன்பியூசியஸ் நிலையம் இருக்கிறது, பிரெஞ்சோ சீனமோ ஒன்றைத் தொடங்கி விடாமல் கொண்டுபோங்கள்.

ஆனால் தமிழை நீங்கள் குறையாக எண்ணுவதுதான் எனக்கு வருத்தம். பாக்குநீரிணை மீன்பிடிப் பிரச்சினையை எடுங்கள். 1974 உடன்படிக்கை, எல்லை பற்றிய 1976 உடன்படிக்கை, அதோடு வந்த கடிதங்கள் எல்லாம் ஆங்கிலத்தில் இருக்கின்றன, யாரும் வாசிக்கலாம். 1974இல் இந்திய மீனவர் கச்சதீவுக்கு வந்துபோகலாம் என்று எழுதியது மீன்பிடிக்கும் உரிமையையும் சேர்த்ததா இல்லையா என்பது இன்றும் தமிழ்நாட்டு மேடைகளில் பேசும் விவகாரம், சட்டம் தெரிந்தவர்கள் 1976 கடிதத்தைக் காட்டி இல்லை என்பார்கள். ஆனால் இராமேஸ்வரத்து இழுவைப்படகுச் சங்கத்துக்காரர் சொல்வதையும், கடலடியை வாரிக்கொண்டு போகும் அந்த இழுவைமடியால் வலையை இழந்த மன்னார், பருத்தித்துறைக் கடற்றொழிலாளர் சொல்வதையும், இரண்டு கரைப் பத்திரிகைகளும் எழுதுவதையும் நேரடியாகக் கேட்டு வாசித்துப் புரிந்துகொள்ள யாரால் முடியும்? டில்லியில் உட்கார்ந்து ஆய்வு செய்கிற பலரால் முடியாது, கொழும்பிலேயே பலரால் முடியாது. இரு பக்கமும் தமிழ் பேசுகிற ஒரு சர்வதேசத் தகராறு இது. இலங்கை 2017இல் இழுவைமடித் தொழிலைச் சட்டத்தால் தடைசெய்த பிறகும் ஏன் தீரவில்லை என்று ஒரு ஆய்வுக்கட்டுரை நீங்கள் எழுதினால் அதைத் தேடி வாசிப்பார்கள்.

மலையகமும் அப்படித்தான். 1964இல் இரு நாட்டுப் பிரதமர்கள் சிறிமாவோவும் சாஸ்திரியும் கையெழுத்திட்ட உடன்படிக்கையில் இந்திய வம்சாவளி மக்கள் 9,75,000 பேரைக் கணக்குப் போட்டு 5,25,000 பேர் இந்தியாவுக்கு, 3,00,000 பேர் இலங்கைக்கு, மிச்சம் 1,50,000 பேரைப் பிறகு பார்ப்போம் என்று எழுதினார்கள். அந்த மக்களைக் கேட்கவில்லை. நாடற்றவர்களாக எஞ்சியிருந்தவர்களின் பிரச்சினையைத் தீர்க்க 2003இல் இன்னொரு சட்டம் தேவைப்பட்டது. இரு அரசுகள் நல்லுறவு என்ற பெயரில் மனிதரைப் பங்குபோட்டால் என்ன நடக்கும் என்பதற்கு இதைவிடப் பெரிய பாடம் எந்த நாட்டுப் பாடப்புத்தகத்தில் இருக்கிறது? அந்தக் குடும்பங்கள் ஹட்டனிலும் இருக்கின்றன, நீலகிரியிலும் இருக்கின்றன, அவர்கள் பேசுவது உங்கள் மொழி. இந்தத் துறைக்குள் தமிழ்ப் பிள்ளைகள் வர வேண்டும் என்று நான் விரும்புவதற்கு முதல் காரணம் இதுதான்.

கொழும்பில் இருப்பதையும் பயன்படுத்துங்கள். ஹோர்ட்டன் பிளேஸில் கதிர்காமர் நிறுவனம், கின்சி டெரஸில் இனத்துவக் கற்கைகளுக்கான சர்வதேச நிலையம், இரண்டிலும் பொதுக் கூட்டங்கள் நடக்கும். மாணவர் என்று எழுதிப் பதிவுசெய்து போய் உட்காருங்கள், அங்கே யாராவது ஒருவரின் பெயரைக் கேட்காமல் வெளியே வராதீர்கள், அடுத்த கிழமை அவருக்கு ஒரு மின்னஞ்சல் போடுங்கள். பல இன்டர்ன் வாய்ப்புகள் விளம்பரத்துக்கு வருவதற்கு முன்னரே இப்படித்தான் போய்விடுகின்றன.

பெறுபேறு வரும்வரை ஒரு வேலை தருகிறேன். 1964 உடன்படிக்கை, 1974 கச்சதீவு உடன்படிக்கை, 1987 ஒப்பந்தமும் கடிதங்களும். மூன்றும் சில பக்கங்கள்தான், இணையத்தில் மூல வடிவமே கிடைக்கும், இந்திய வெளியுறவு அமைச்சின் தளத்திலும் தேடலாம். ஒவ்வொன்றுக்கும் ஒரு பக்கம் தமிழில் எழுதுங்கள்: யார் என்ன கேட்டார், யாருக்கு என்ன கிடைத்தது, பேச்சு நடந்த கூடத்தில் இருந்திருக்க வேண்டிய யார் அங்கே இல்லை. எழுதியதை எனக்கு அனுப்புங்கள், எந்த இடத்தில் சிக்கினீர்கள் என்று பார்த்து அடுத்து என்ன வாசிக்கலாம் என்று சொல்கிறேன். அப்பாவுக்கும் அதைக் காட்டுங்கள்.